காணிக்கையும் செழிப்பும்

பம்பாய் மாநகரின் குர்லாப் பகுதியில் திருச்சிலுவை ஆலயம் என்றொரு பழைய கோயில் உண்டு. போர்த்துக்கீசியர் எழுப்பியது, 1848-இல் புதுப்பிக்கப்பெற்றது. அப்பகுதியிலேயே, வாடகைக் கூடங்களிலும் சால்களின் மாடியறைகளிலும் கூடுகின்ற சிறு தமிழ் ஜெபக்கூட்டங்களும் உள. அவற்றுள் ஒன்றில் நிகழ்ந்ததே இவ்வுரைக்குக் காரணமாயிற்று.

எனக்கு அறிமுகமான நெல்லைச் சீமை அன்பர் ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஓராண்டு சேர்த்த தொகையை அக்கூட்டத்தில் ‘விதைக் காணிக்கை’யாகப் படைத்துவிட்டார். விதைத்தது நூறு மடங்காகத் திரும்பும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. கட்டணம் செலுத்தும் நாள் வந்தது, பணம் வரவில்லை. சென்று கேட்டார். அவருடைய விசுவாசம் போதவில்லை என்று விடை கிடைத்தது. பணம் போனதைக் காட்டிலும் இவ்விடையே அவரை வாட்டிற்று.

செழிப்பு உபதேசம் என வழங்கும் இக்கொள்கை, கடவுள் தம் அடியார்க்குச் செல்வத்தையும் உடல்நலத்தையும் வாக்களித்திருக்கிறார் என்றும், விசுவாசத்தாலும் காணிக்கையாலும் அவற்றைப் பெறலாம் என்றும் கூறுவது. இது பிறந்த இடம் அமெரிக்கா. கென்யன் (1867–1948) என்பார் எழுதியவற்றிலிருந்து கென்னத் ஹேகின் (1917–2003) இதனை வளர்த்தார். ‘விதை விசுவாசம்’ என்ற சொல்லாட்சியைப் பரப்பியவர் ஓரல் ராபர்ட்ஸ் (1918–2009). முதலில் வானொலியும் பின்னர்த் தொலைக்காட்சியும் இதற்குத் துணைநின்றன. வானொலியில் பேசுகின்ற நான் அதனை மறைத்தல் முறையன்று.

இவ்வுபதேசத்தார் அடிக்கடி எடுத்துக்காட்டும் இடங்களுள் ஒன்று யோவானின் மூன்றாம் நிருபத்தின் இரண்டாம் வசனம். ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பில் அங்குச் செழித்தல் என்னும் பொருள்படும் சொல் நிற்கிறது. நம் தமிழ் வேதாகமத்திலோ ‘வாழ்தல்’ என்றே உள்ளது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்குத் தமிழ்ச் சொல்லே பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் அவ்வசனம் காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்க நலவிசாரிப்பு. அக்காலக் கிரேக்கக் கடிதங்களில் உடல்நலம் வேண்டித் தொடங்குவது மரபு. ஊருக்குக் கடிதம் எழுதுங்கால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று நாம் தொடங்கவில்லையா? அதனை ஒருவர் வாக்குறுதிப் பத்திரமாகக் கொண்டு நம்மிடம் வசூலுக்கு வந்தால் நாம் என் செய்வோம்?

மற்றொன்று தசமபாகம். மல்கியா தீர்க்கதரிசியின் நூலில், பத்தில் ஒரு பங்கைப் பண்டசாலையில் சேர்த்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற கருத்து வருகிறது. ஆயின் அப்பண்டசாலை யாருக்கு? உபாகமம் பதினான்காம் அதிகாரத்தின் இறுதியைப் படித்தால் விளங்கும். மூன்றாம் ஆண்டுதோறும் எடுக்கும் தசமபாகம், நிலமில்லாத லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் உண்டு திருப்தியடைவதற்கென்றே விதிக்கப்பட்டது. பரதேசி என்பவன் சொந்த ஊர் விட்டு வந்து பிற ஊரில் வாழ்பவன். அஃதாவது நாமே. யாருக்கு உண்ணக் கொடுக்க வேண்டுமென்று விதித்தார்களோ, அவனிடமே வாங்கிச் செல்லுதல் எந்த முறையோ தெரியவில்லை. ஏழை விதவை இரண்டு காசு போட்ட நிகழ்ச்சியை மாற்கு கூறுவதற்குச் சற்று முன்னரே, விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டித்த செய்தியும் உள்ளது. காணிக்கை வேளையில் முன்னதை மட்டுமே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனினும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நீ ஏழையாகவே கிடக்கக் கடவுள் விரும்பவில்லை என்ற சொல், நாள் முழுதும் சுமை தூக்கியவனுக்கு எத்துணை ஆறுதல்! இக்கூட்டங்களுக்குச் சென்று குடியை விட்டவர்களையும், கூலியை மனைவியிடம் கொடுக்கத் தொடங்கியவர்களையும் நான் அறிவேன். மாதாந்தப் பிரசங்கங்களைக் கேட்டும் அப்படி மாறாதவர்களையும் அறிவேன். பொருளீட்டுதலைத் திருமறை பழிக்கவுமில்லை. மெதடிஸ்டு இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லி (1703–1791), நேர்மையாக இயன்றவரை ஈட்டுக, இயன்றவரை சேமிக்க, இயன்றவரை கொடுக்க என்று போதித்தார். தம் மக்கள் முதலிரண்டைப் பற்றிக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டனர் என்று முதுமையில் வருந்தினார்.

கொடுத்தலுக்கு நம்மவரிடமே வேறொரு வழக்கம் உண்டு. நெல்லைச் சீமைக் கிறிஸ்தவப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு ஆலயத்திற்குக் கொடுப்பர். அசன விழாவிலோ வீட்டுக்கு வீடு அரிசி திரட்டி ஒரே பந்தியில் உண்பர். வெள்ளாளன்விளையிற் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா, கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் பங்குகொண்டு 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இவ்வெளிய மக்களின் கொடையால் நடக்க வேண்டுமென்றே எண்ணப்பட்டது. கைப்பிடி அரிசி இட்டவள் அடுத்த வாரம் நூறு பிடி திரும்ப வரும் என்று கலயத்தை எட்டிப் பார்த்ததில்லை.

மேற்சொன்ன அன்பரின் செய்தி அவர் ஊரார் சிலருக்கு எட்டியது. தாராவியிலும் செம்பூரிலுமாக உள்ள பத்துப் பன்னிரண்டு குடும்பத்தார் சேர்ந்து கட்டணத்தை ஈடுகட்டினர். மகள் இப்போது இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள். அன்பர் ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் செல்கிறார். அந்த மாடியறைக்கு அல்ல.