மாதம் ஒரு பழக்கம்: உப்பிலிருந்து தொடங்குவோம்

ஒரே நாளில் பத்துத் தீர்மானங்களை மேற்கொண்டால், அவற்றில் ஒன்றும் நிலைப்பதில்லை. மாதத்திற்கு ஒன்று, அதுவும் அளந்தறியக்கூடிய ஒன்று எனத் தேர்ந்துகொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

முதல் மாதத்திற்கு உப்பை எடுத்துக்கொள்ளலாம். மிகை உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. அவ்வுயர்வு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் வழிவகுக்கிறது.

வயது வந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பெரியவர்கள் நால்வர் உள்ள இல்லத்திற்கு இது 30 நாள்களில் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், நொறுக்குத்தீனி ஆகியவற்றின் உப்பும் இதில் அடக்கம். உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் தேதியை அதன்மீதே எழுதி வையுங்கள். சமையலுக்கு மட்டும் பயன்படுத்திய ஒரு கிலோ 50 நாள்களுக்குள் தீர்ந்தால், வரம்பு மீறப்படுகிறது எனக் கொள்ளலாம்.

முதல் வாரம் சோற்றிலும் சப்பாத்தி மாவிலும் உப்பைத் தவிருங்கள். அடுத்த வாரம் உணவு மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை அகற்றுங்கள். பின்னர் ஊறுகாயையும் அப்பளத்தையும் வாரம் இருமுறையாகக் குறையுங்கள். நாக்கு மெல்லப் பழகிக்கொள்ளும். அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துங்கள். அளவை மட்டும் குறைத்தால் போதும். இரத்த அழுத்தத்திற்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ சிகிச்சை பெறுவோர் மருத்துவரைக் கலந்தாலோசிப்பது அவசியம்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பான பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. இடையில் ஒரு நாள் தவறியது அம்மாற்றத்தைப் பெரிதும் பாதிக்கவில்லை. எனவே, ஒரு நாள் தவறினால் மறுநாளே தொடருங்கள். அடுத்த மாதம் நடைப்பயிற்சியைத் தொடங்கும்போதும் உப்புக் கணக்கை மூடிவிடாதீர்கள்.