காந்தம் ஒட்டாத இரும்பு

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கிரில் கேட், டிராக்டர் டிப்பர், கரும்பு டிரெய்லரின் கொக்கி என்று எல்லா வேலையும் வரும். எனக்குப் பிடித்த வேலை ஜல்லி கிரஷரிலிருந்து வரும் ‘ஜா பிளேட்’. கருங்கல்லை மென்று துப்பும் எந்திரத்தின் தாடை அது. பல் தேய்ந்த பிளேட்டை நாலு பேர் பிடித்துத்தான் வண்டியிலிருந்து இறக்க முடியும்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், வேலைக்குத் தோதாக இருக்கட்டும் என்று கோணம் பிடிக்கும் காந்தத்தை அதன் மேல் வைத்தான். அது நிற்காமல் வழுக்கிக் கீழே விழுந்தது.

“அண்ணே, இது இரும்பே இல்லண்ணே. ஒட்ட மாட்டேங்குது. யாரோ ஏமாத்திட்டாங்க.”

“ஒட்டலன்னாதான்டா ஒரிஜினல். மாங்கனீஸ் பிளேட்டுடா இது.”

அந்தப் பிளேட்டில் நூற்றுக்கு 12, 13 பங்கு மாங்கனீசு. இரும்போடு அவ்வளவு மாங்கனீசு சேர்ந்தால் அதன் உள்ளமைப்பே மாறி, காந்தத்துக்குப் பிடிகொடுக்காது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்பவர் 1882-இல் இதைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை. மாங்கனீசு கொஞ்சம் கூடினாலே எஃகு நொறுங்கிப்போகிறது என்று மற்றவர்கள் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அவர் நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போனார். ஓர் அளவைத் தாண்டியதும் நொறுங்கும் குணம் போய், அடிக்க அடிக்க இறுகும் எஃகு கிடைத்தது. அடி விழும் மேல்பரப்பு மட்டும் கல்லாக இறுகும், உள்ளே வளைந்து கொடுக்கும் தன்மை அப்படியே இருக்கும். இதில் டிரில் போட்டுப் பாருங்கள், பிட் மழுங்குமே தவிர துளை விழாது. துளைபோடப் போட அந்த இடமே இறுகிவிடுவதுதான் காரணம். சின்னசேலம் ரயில் நிலையம் பக்கம் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒவ்வொரு சக்கரமும் மோதிக் கடக்கும் ‘கிராசிங்’ துண்டு இருக்கிறதே, அதற்கும் ரயில்வே இந்த எஃகைத்தான் பயன்படுத்துகிறது.

இதைப் பற்றவைப்பதற்கு நிதானம் வேண்டும். வார்ப்பிரும்பு என்றால் முதலில் சூடேற்றுவோம். இதற்கு நேர்மாறு. சூடே ஏறக்கூடாது. 300 டிகிரிக்கு மேல் வெப்பம் தங்கினால் பிளேட் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அதனால் இரண்டு அங்குலம் ஓட்டி நிறுத்தி, சுத்தியலால் தட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை வேறொரு மூலையில் ஓட்டுவோம். ‘சீக்கிரம் குடுங்கண்ணே, கிரஷர் நிக்குது’ என்று போன் வந்துகொண்டே இருக்கும். அவசரப்பட்டுக் கொடுத்தால் மாட்டிய ஒரு வாரத்தில் விரிசலோடு திரும்பி வரும்.

தாடைக்கு மட்டும்தான் மாங்கனீசு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியிலும் அது உண்டு. இரும்பில் கந்தகம் கலந்திருந்தால், பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது துண்டு துண்டாக விட்டுப்போகும். மாங்கனீசு அந்தக் கந்தகத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு கெடுதல் இல்லாததாக்கிவிடும். உருக்கிய இரும்பில் இருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும், வலுவையும் கூட்டும். ஒரு டன் எஃகுக்குச் சுமார் 6 முதல் 9 கிலோ மாங்கனீசு போகிறது. உலகத்தில் எடுக்கும் மாங்கனீசில் பத்தில் ஒன்பது பங்கு எஃகு உலைக்கே போகிறது. இந்த வேலைக்கு அதற்கு ஈடாக மலிவான மாற்று எதுவும் கிடையாது.

அப்படியானால் எங்கள் கல்வராயன் மலையில் அது கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்காது. கல்வராயன் பெரும்பாலும் சார்னோகைட் பாறை. பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. இந்தியாவின் நல்ல மாங்கனீசுப் படிவங்கள் பலவும் ஆதிகாலக் கடலடியில் படிந்த மண்ணிலிருந்து வந்தவை. அவை மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட், மகாராஷ்டிரத்தின் நாகபுரி, பண்டாரா பக்கமும், ஒடிசா, ஆந்திரம், கர்நாடகத்திலும் இருக்கின்றன. முதலில் தோண்டியது 1892-இல், விசாகப்பட்டினத்துக்கு வடக்கே விஜயநகரம் பகுதியில். 1900-களின் தொடக்கத்தில் ரஷ்யாவோடு போட்டிபோட்டு உலகத்தில் முதலிடம் பிடித்திருந்தது இந்தியா. எடுத்ததெல்லாம் கப்பலேறிப் போனது. இன்று நிலைமை தலைகீழ். நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனமான மாயில் 2024–25-இல் 18 லட்சம் டன்னுக்குச் சற்று மேல் எடுத்தது. அதன் பாலாகாட் சுரங்கம் 400 மீட்டருக்கும் மேல் ஆழம் போகிறது. அவ்வளவு எடுத்தும் நம் உலைகளுக்குப் போதவில்லை. தென்னாப்பிரிக்கா, காபோன், ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாக வாங்குகிறோம்.

ஆனால் இந்த உலோகத்தின் வரலாற்றில் எங்கள் பக்கத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பது என் ஆசை. பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஊர். அங்கே ‘குகை’ எனப்படும் மண் கிண்ணங்களில் இரும்பை உருக்கி உயர்ந்த எஃகு செய்த தடயங்களை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990-களில் கண்டறிந்து எழுதினார். உலகம் ‘உட்ஸ்’ என்று கொண்டாடிய எஃகு அது. உடைந்த குகைத் துண்டும் கசடும் கிடக்கும் அப்படிப்பட்ட மேடுகளை மண்ணோடு மண்ணாக வாரிக்கொண்டு போகாமல் காப்பது பஞ்சாயத்துகளின் கடமை.

அந்தத் தென்னாற்காட்டுக் கடற்கரையில், பரங்கிப்பேட்டையில், 1830-இல் ஓர் இரும்பாலை எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் தொடங்கியது. சேலம் ஜில்லாவின் இரும்புக்கல்லும் காட்டு மரம் எரித்த கரியும்தான் மூலப்பொருள். உலை காட்டைத் தின்றது, லாபமும் வரவில்லை. நம் ஊர்க் கொல்லர்களின் எஃகு முறையைப் பற்றி ஹீத் ஆர்வத்தோடு எழுதியிருக்கிறார். 1839-இல் அவர் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை பெற்றார். எஃகு உருக்கும்போது சிறிதளவு மாங்கனீசு சேர்த்தால் மட்டமான இரும்பிலும் நல்ல எஃகு வரும் என்பது அதன் சாரம். ஷெஃபீல்டில் வார்ப்பு எஃகின் விலை சரிந்தது, கத்தி செய்தவர்கள் எல்லாம் அதைக் கையாண்டார்கள். காப்புரிமையின் வாசகத்தில் இருந்த ஓட்டையைக் காட்டி அவருக்கு உரிமைத்தொகை கொடுக்க மறுத்தார்கள். வழக்கு பிரபுக்கள் சபைவரை போய் 1855-இல் அவருக்கு எதிராக முடிந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. நம் காட்டை எரித்த ஆலையின் முதலாளி என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் அந்தத் தீர்ப்பு நியாயமானதல்ல என்பதுதான் என் எண்ணம்.

எஃகுக்கு வெளியேயும் மாங்கனீசுக்கு வேலை உண்டு. டார்ச் செல்லை உடைத்தால் கையெல்லாம் கறுப்பாகும் அந்தத் தூள், மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்தது. மின்வண்டி பேட்டரிகள் சிலவற்றிலும் மாங்கனீசு சேர்கிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த எங்கள் கரும்புக் கொல்லைகளில், மண்ணில் மாங்கனீசு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் போவதுண்டு. இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி வெளுத்தும் தெரிந்தால், மண் பரிசோதனைக்குப் பிறகு மாங்கனீசு சல்பேட் தெளிப்பார்கள். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியப் பெருங்கடலின் அடியில் கிடக்கும் மாங்கனீசு உருண்டைகளை எடுக்கும் முயற்சியில் இருக்கிறது. அதன் வராஹா எந்திரம் 2021-இல் 5,270 மீட்டர் ஆழத்தில் கடல் தரையில் ஓடிப் பார்த்தது. ஆனால் அந்த உருண்டை சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டு ஆகும். அவசரமில்லாமல் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

என் தொழில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மாங்கனீசு உடம்புக்கு மிகச் சிறிதளவு தேவை. புகையாக மூச்சில் போனால் அதுவே நஞ்சு. 1837-லேயே ஜான் கூப்பர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், மாங்கனீசுத் தூள் அரைத்த தொழிலாளர்கள் கால் தளர்ந்து நடக்க முடியாமல் போனதை எழுதிவைத்தார். கை நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என்று பார்க்கின்சன் நோய் போலவே வரும். வந்தபின் முழுதாகத் திரும்புவதில்லை. சாதாரண வெல்டிங் ராடின் பூச்சிலும் மாங்கனீசு இருக்கிறது, ஜா பிளேட்டுக்குப் போடும் ராடில் இன்னும் அதிகம். மூக்கில் கட்டும் கைக்குட்டை இந்தப் புகையைத் தடுக்காது. தண்ணீர் டேங்குக்குள்ளோ டேங்கர் லாரிக்குள்ளோ இறங்கிப் பற்றவைக்கும்போது புகையை வெளியே இழுக்கும் விசிறி இல்லாமல் இறங்காதீர்கள். பட்டறையில் புகை உங்கள் முகத்துக்கு வராதபடி பக்கவாட்டில் நின்று வேலை செய்யுங்கள், நல்ல முகமூடி வாங்கிப் போடுங்கள். பட்டறை முதலாளிகளே, பையன்களுக்குக் கண்ணாடி வாங்கும்போதே அந்த முகமூடியையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.