பயிற்சிக்குப் போன பிள்ளை என்ன செய்கிறான்?

"மின்பணிப் பயிற்சிக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது, ஏணி பிடிப்பதும் தேநீர் வாங்குவதும்தான் வேலையாம்" என்று கலந்துரையாடலில் ஒரு தாயார் ஆதங்கப்பட்டார். ஏணி பிடிப்பதும் வேலைதான். அதுவே இரண்டு மாதமா?

கல்லூரியில் மாணவர்கள் பலகையில் வயரிங் பழகுகிறார்கள். வேலையிடத்தில் இருப்பதோ உயிரைப் பறிக்கக்கூடிய 230 வோல்ட். அங்கே முதலில் கற்க வேண்டியது, தொடுமுன் சோதிப்பது. மெயின் சுவிட்சை அடைத்து, வேறு யாரும் திறக்காதபடி பூட்ட வேண்டும். டெஸ்டரை மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் சோதித்து, மீண்டும் பழைய இடத்தில் பார்க்க வேண்டும். ஏன் மூன்று முறை? டெஸ்டரே பழுதாகியிருந்தாலும் விளக்கு எரியாதே! இதை, தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் பக்கத்தில் நின்று செய்ய வைக்க வேண்டும். மாணவனைத் தனியே விடக்கூடாது.

பெற்றோர்களே, வார இறுதியில் பயிற்சிப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். "உதவி செய்தேன்" என்றே பக்கங்கள் நிறைந்திருந்தால், பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் உடனே பேசுங்கள். கடைசி வாரத்தில் பேசினால் அவராலும் இடம் மாற்றித் தர முடியாது.