ஏவலா? இலக்கா? – வழங்கிகளின் தானியங்கு அமைவு

கணிப்பொறி வலையமைப்பில் பலருக்கும் ஒருங்கே பணிபுரியும் பொதுக் கணிப்பொறியை வழங்கி என்கிறோம். மின்னஞ்சல், நூலகப் பட்டியல், தேர்வு முடிவு என எதனை நாடினும் அதனைத் தருவது ஒரு வழங்கியே. யூனிக்ஸ் மரபைச் சார்ந்த லினக்ஸ், ஃபிரீபிஎஸ்டி முதலிய இயங்குதளங்களில் வழங்கியின் நடத்தையைப் பெரும்பாலும் உரைக்கோப்புகளே முடிவு செய்கின்றன. அக்கோப்புகளைத் திருத்துவதே அமைவுப் பணியின் பெரும்பகுதியாகும்.

ஒரு வழங்கியைக் கையால் அமைப்பது எளிது. ஐம்பதை அவ்வாறு அமைக்கப் புகுந்தால், ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் விடுபடும். நாளடைவில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகிவிடும். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. எதனை, ஏன் மாற்றினோம் என்னும் அறிவு ஒருவர் நினைவில் மட்டுமே தங்கியிருக்குமாயின், அவர் பணியிலிருந்து விலகும் நாளில் அவ்வறிவும் உடன் போய்விடும்.

இவ்விடரைக் களைய முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் மார்க் பர்ஜஸ். ஆஸ்லோ பல்கலைக்கழகக் கோட்பாட்டு இயற்பியல் துறையின் கணிப்பொறிகளைப் பேணும் பொருட்டு, 1993-இல் அவர் சிஎஃப்எஞ்சின் என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் 2005-இல் பப்பெட், 2009-இல் செஃப், 2012-இல் அன்சிபிள் ஆகியன தோன்றின.

இவற்றின் உயிர்நாடியான கருத்து ஒன்றே. செய்யவேண்டிய செயலை ஏவுவதை விடுத்து, இருக்கவேண்டிய நிலையை இலக்காகக் கூறுதல் என்பதே அது. 'கோப்பின் இறுதியில் இவ்வரியைச் சேர்' என்று ஏவினால், பத்து முறை இயக்கும்போது பத்து வரிகள் சேரும். 'கோப்பில் இவ்வரி இருத்தல் வேண்டும்' என்று எழுதினால், கருவி முதலில் கோப்பை நோக்கும். வரி இல்லையெனில் சேர்க்கும். இருப்பின் வாளா இருக்கும்.

இனி, அன்சிபிளை நிறுவும் முறையைக் காண்போம். மென்பொருளை மேலாண்மைக் கணிப்பொறி ஒன்றில் மட்டும் நிறுவினால் போதும். லினக்ஸ் வழங்கிகளில் பைத்தான் மொழியும், எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பும் இருத்தல் வேண்டும். முதலில் இணைப்புக்கான இரட்டைத் திறவிகளை உருவாக்கி, பொதுத் திறவியை ஒவ்வொரு வழங்கியிலும் பதிக்கிறோம். அடுத்து, வழங்கிகளின் பெயர்களை வகைப்படுத்தி ஒரு பட்டியல் கோப்பில் எழுதுகிறோம். மூன்றாவதாக, வேண்டிய நிலைகளை யாமல் என்னும் எளிய வடிவில் வரைகிறோம். இங்கு வரியின் முன்னுள்ள இடைவெளியும் பொருளுடையது. அதனை இடும்போது டேப் விசையைப் பயன்படுத்தலாகாது.

எழுதியதை உடனே இயக்கிவிடுதல் தகாது. ஐம்பது வழங்கிகளை நொடியில் திருத்தவல்ல கருவி, ஒரு பிழையையும் அவ்வாறே ஐம்பதிலும் பரப்பிவிடும். ஆதலின் முதற்கண் சோதனை ஓட்டம் நிகழ்த்தி, எவையெவை மாறும் என்று காணவேண்டும்; பின்னர் ஒரே வழங்கியில் இயக்கிப் பார்த்தல் வேண்டும். மீண்டும் இயக்கும்போது மாற்றங்களின் எண்ணிக்கை பூச்சியம் எனக் காட்டினால், நிலையைச் செம்மையாக எழுதியுள்ளோம் என்று கொள்ளலாம். கடவுச்சொற்களைத் திறந்த எழுத்தில் விடாது, மறையாக்கம் செய்தே வைத்தல் வேண்டும்.

இக்கோப்புகளைக் காரணக் குறிப்புகளுடன் கிட் போன்ற பதிப்புக் காப்பகத்தில் சேர்த்து வருவோமாயின், யார், எப்போது, எதனை, ஏன் மாற்றினர் என்பது நிலையான ஆவணமாகும். வழங்கி ஒன்று பழுதுற்றாலும், அதன் அமைவைப் புதிய கணிப்பொறியில் மீண்டும் உருவாக்கலாம். சேமித்த தரவுகளுக்கோ தனிப் படியெடுப்பு எப்போதும் வேண்டும். இத்துறையில் புகும் மாணவர் ஒரே ஒரு வழங்கியைப் பேணும்போதே இவ்வழக்கத்தை மேற்கொள்வாராயின், பின்வருவோர்க்கு வேலையோடு அதன் விளக்கத்தையும் விட்டுச் சென்றவர் ஆவார்.