கணிப்பொறி உதவியாளரும் காஞ்சிக் கோர்வையும்

முன்னுரை

காஞ்சிபுரத்துத் தறிவீடுகளில் பேரேட்டின் அருகே இன்று கணிப்பொறியும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. பாவு கொடுத்த கணக்கு, ஜரிகை இருப்பு, கூலி நிலுவை, வாடிக்கையாளர் முகவரி, கரைக்கும் முந்திக்கும் வரைந்த புதிய வடிவங்கள் யாவும் அதனுள் அடங்குகின்றன. "இவற்றைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் காட்டிக் கணக்குப் பார்க்கலாமா? காட்டினால் எங்கள் வடிவம் வெளியே போய்விடுமா?" என்று நெசவாளர் இல்லத்து மாணவர் ஒருவர் நம்மிடம் வினவினார். அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அட்டையும் தரவும்

கட்டத்தாளில் வரைந்த உருவை அட்டையில் துளைகளாக மாற்றித் தறியை இயக்கும் முறையைப் பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804 அளவில் செம்மைப்படுத்தினார். துளை உண்டு, துளை இல்லை என்னும் அவ்விரண்டு நிலைகளும் தரவே என்பதை நாம் உணர்தல் வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கிறதேயன்றி, ஒரு குடும்பம் புதிதாக வரைந்த உருவைக் காப்பதில்லை. அதற்கு 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு தேவை. பதிவுக்கு முன்பே பொதுவெளியில் வெளியான வடிவமோ அத்தகுதியை இழந்துவிடும். எனவே மாணவரின் அச்சம் வீண் அச்சமன்று.

இணைப்பு நெறி

முன்னர் ஒவ்வோர் உதவியாளரையும் ஒவ்வொரு செயலியோடும் தனித்தனியே பிணைக்க வேண்டியிருந்தது. ஐந்து உதவியாளரும் நான்கு செயலியும் இருப்பின் இருபது பிணைப்புகள் தேவைப்பட்டன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொதுநெறி, பக்கத்திற்கு ஒன்றாக ஒன்பதே போதும் என்றாக்கிற்று. செயலிக்கு முன்னே ஒரு சிறு இணைப்பான் நிற்கும். எதைப் படிக்கலாம், எதைச் செய்யலாம் என அது அறிவிக்கும். உதவியாளர் கேட்கும், இணைப்பான் செய்து முடித்து விளைவைத் தரும்.

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமுடையன. மூன்று நாடாக்களால் நெய்யும்போது, சேருமிடத்தில் மட்டும் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நல்ல இணைப்பும் அத்தகையதே எனலாம்.

ஓர் ஐயமும் தெளிவும்

இணைப்பான் நம் கணிப்பொறியில் இயங்குவதால் தரவும் அங்கேயே தங்கிவிடும் எனப் பலர் கருதுவர். அது பிழை. இணைப்பான் படித்துத் தருவதை உதவியாளரின் மொழி மாதிரி பெறுகிறது. அம்மாதிரி தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணிப்பொறியில் இருப்பின், படிக்கப்பட்ட பேரேட்டுப் பக்கமும் அங்கே செல்லும். ஆகவே இணைப்பானோடு மாதிரியும் வீட்டிலேயே இயங்க வேண்டும்.

இது இன்று இயலக்கூடியதே. 2023இல் மெட்டா நிறுவனத்தின் 'லாமா' மாதிரி வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கியோர்கி கெர்கனோவ் எழுதிய மென்பொருள், அதனை எளிய கணிப்பொறிகளிலும் இயங்கச் செய்தது. 'ஒல்லாமா' போன்ற மென்பொருள்கள் இப்பணியை மேலும் எளிதாக்கின. எண்ணூறு கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை, அளவுருவுக்கு நான்கு பிட் எனச் சுருக்கினால் ஏறத்தாழ 4 ஜி.பி. இடமே கொள்ளும். 16 ஜி.பி. நினைவகமுள்ள கணிப்பொறிக்கு அது பெருஞ்சுமையன்று.

குறையும் உண்டு. சிறு மாதிரிகள் தமிழில் தடுமாறும். கூட்டலிலும் பிழை செய்யும். ஆதலால் கூட்டும் பணியை லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற விரிதாளிடமே விட்டு, அதற்கான வாய்பாட்டை எழுதும் பணியை மட்டும் உதவியாளரிடம் ஒப்படைத்தல் நன்று.

கைக்கொள்ள வேண்டியவை

ஒரே ஒரு கோப்புறையை மட்டும் திறந்துவிடுக. முதலில் படிக்கும் உரிமை மட்டும் தருக. அழிக்கும் முன்னும் அனுப்பும் முன்னும் நம் இசைவைக் கேட்குமாறு அமைத்திடுக. அறியாதவர் தரும் இணைப்பானை ஏற்காதீர். இறுதியாக, இணைய இணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டு ஒரு வினாக் கேளுங்கள். அப்போதும் விடை வருமாயின் மாதிரி வீட்டில்தான் உள்ளது எனத் தெளியலாம்.

முடிவுரை

வாடிக்கையாளரின் முகவரியும் நெசவாளரின் கூலிக் கணக்கும் நமக்கே உரிய பொருள்கள் அல்ல. பிறர் நம்மிடம் வைத்த அடைக்கலப் பொருள்கள். உதவியாளரை வீட்டிற்குள் அழைத்துக்கொள்வோம். வீட்டுப் பேரேட்டை வெளியே அனுப்பாதிருப்போம். மாணவரின் வினாவிற்கு நாம் தரும் விடை இதுவே.