குளத்தங்கரைக் காவலர்

நீச்சற்குளத்தின் ஓரத்தில், உயரமான நாற்காலியில், கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். சென்ற கோடையில் ஒரு நகரத்துப் பொதுக் குளத்திற்கு வீட்டுக் குழந்தைகளை அழைத்துச் சென்றபோது நாமும் பார்த்தோம். "ஆகா! சித்திரை வெயிலில் தண்ணீர்க் கரையில் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளமா! கொடுத்துவைத்த மனிதர்" என்று எண்ணியவாறே அருகில் சென்று வணக்கம் சொன்னோம். மனிதர் திரும்பியே பார்க்கவில்லை. பதில் வணக்கமும் இல்லை. மரியாதை தெரியாத பிள்ளை போலிருக்கிறது என்று நமக்குச் சற்றுக் கோபங்கூட வந்தது.

அரை மணி கழித்து வேறொருவர் வந்து அந்த இடத்தில் ஏறி அமர்ந்தார். இறங்கி வந்த இளைஞர் நேரே நம்மிடம் வந்து கைகூப்பினார். "மன்னிக்க வேண்டும், ஐயா. மேலே இருக்கும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தண்ணீரைத்தான் பார்ப்பேன்" என்றார். நம் கோபம் போன இடம் தெரியவில்லை.

அவருக்கு ஊர் பேரையூர்ப் பக்கம். மதுரைக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்குத் தெரியும் தாலுகா அது. ஸ்ரீ ஜே. சி. குமரப்பா தம் கடைசி வருஷங்களைக் கழித்த கல்லுப்பட்டியும் அந்தப் பக்கந்தான். மழையையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பி வாழும் சீமை. அங்கே பிள்ளைகளுக்குத் தோட்டத்துக் கிணறுதான் நீச்சற்குளம். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, அல்லது லாரி டியூபைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீந்தப் பழகுவார்கள். தயங்கி நிற்பவனை மேலிருந்து தள்ளிவிடுவதும் உண்டு!

"எங்கள் கிணற்றுமேட்டில் மாமா ஒருவர் உட்கார்ந்திருப்பார், ஐயா. வெற்றிலை போட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு இருப்பார். ஆனால் எத்தனை தலை குதித்தது, எத்தனை தலை மேலே தெரிகிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பார். ஒரு தலை குறைந்தால் வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பக்கூட நிற்கமாட்டார், குதித்துவிடுவார். நான் இங்கே செய்வதும் அந்த வேலைதான்" என்றார் இளைஞர்.

தலை எண்ணுவது அவ்வளவு பெரிய வித்தையா என்று கேட்கத் தோன்றும். மூழ்குகிறவன் கையை வீசி, "ஐயோ, காப்பாற்றுங்கள்!" என்று கூவுவதாகத்தானே சினிமாவில் காட்டுகிறார்கள்? அப்படிக் கூவினால் காவலருக்கு வேலை சுலபம். உண்மை வேறு. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா என்பவர், மூழ்குகிறவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்து கண்ட விஷயம் இது: நீந்தத் தெரியாமல் மூழ்குகிறவன் கூவுவதில்லை; அவனால் கூவ முடியாது. வாய் நீர்மட்டத்துக்குமேல் வருவது ஒரு க்ஷணம். அதற்குள் மூச்சை விட்டு மறுபடி இழுக்கவே நேரம் போதாது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்துமேயொழிய, அசைத்துக் கூப்பிட வாரா. உடல் நிமிர்ந்து நிற்பதுபோல் இருக்கும். கரையிலுள்ளவர்களுக்கு அவன் தண்ணீரில் விளையாடுவதாகவே தோன்றும். இப்படி 20 முதல் 60 வினாடி. பிறகு தலை உள்ளே போய்விடும். தகப்பனார் இரண்டு கஜ தூரத்தில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருக்கையிலேயே இத்தனையும் நடந்து முடிந்துவிடக்கூடும்.

ஆகையால்தான் இந்தத் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தம் பங்குக்கு விடப்பட்ட நீர்ப்பரப்பு முழுவதையும், அடித்தளம் உட்பட, 10 வினாடிக்குள் கண்ணால் துழாவிவிட வேண்டும். ஆபத்தைக் கண்டால் அடுத்த 20 வினாடிக்குள் அந்த ஆளிடம் போய்ச் சேர வேண்டும். மாலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசினால் எழுந்து இடம் மாறி நிற்க வேண்டும். மூச்சடக்கிப் போட்டி போடும் பையன்களைப் பார்த்தால் உடனே விசில் ஊத வேண்டும். நன்றாக நீந்துகிறவனே இந்தப் போட்டியில் நினைவிழந்து சத்தமின்றி அடியில் கிடப்பான். இவ்வளவு கூர்மையாகப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணும் மனமும் களைத்துப்போகும். அரை மணிக்கொரு முறை ஆள் மாற்றுவது அதனால்தான்.

"இங்கே மாற்ற ஆள் இருக்கிறார். முன்பு நான் இருந்த இடத்தில் நான் ஒருவன்தான். டிக்கெட்டும் கொடுக்க வேண்டும், தரையும் கழுவ வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சலும் சொல்லித்தர வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கால் அடிக்கச் சொல்லித்தரும்போது மற்றப் பிள்ளைகளுக்கு என் முதுகுதானே காவல்?" என்று கேட்டார் அவர்.

நமக்குச் சுரீரென்றது. 2012-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சற்குளத்தில், நீச்சல் வகுப்பு நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, நாலாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மூழ்கி இறந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சொல்லிக்கொடுப்பவர் வேறு, பார்த்துக்கொண்டிருப்பவர் வேறு. இரண்டையும் ஒருவரிடம் ஒப்படைத்துச் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பது என்ன சிக்கனமோ, நமக்கு விளங்கவில்லை. குளத்திற்குக் குழந்தைகளை அனுப்பும் பெற்றோர், தண்ணீர் சுத்தமா என்று கேட்கிறார்கள். கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். "காவலர் எத்தனை பேர்? அவருக்கு வேறு வேலை உண்டா?" என்று கேட்டவர்களை நாம் கண்டதில்லை. நாமே அன்றுவரை கேட்டதில்லை.

பொதுக் குளம் என்பது நமக்கு எளிதில் வந்த சொத்தல்ல. 1876-இல் பம்பாயில் ஏற்பட்ட பிரீச் கண்டி நீச்சற்குளம் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. சுதந்திரம் வந்து பல வருஷங்கள் ஆன பிறகே இந்தியருக்கு அங்கே இடம் கிடைத்தது. வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்வானேன்? மதுரையில் பொற்றாமரைக் குளத்தின் படிகளில் ஹரிஜன சகோதரர்கள் கால் வைப்பதற்கு 1939 ஜூலை 8-ஆந் தேதி வைத்தியநாதய்யர் அவர்களை அழைத்துக்கொண்டு ஆலயப் பிரவேசம் செய்ய வேண்டியிருந்ததே! எல்லோரும் இறங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்ட பிறகு, இறங்கியவர் எல்லோரும் ஏறி வருகிறார்களா என்று பார்க்க ஓர் ஆளை வைக்க வேண்டாமா?

1958-இல் மிஹிர் சென் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். மறு வருஷம் ஆரதி சாஹா கடந்தார். 1994-இல் நம் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் ஒரே வருஷத்தில் ஆறு கடற்பகுதிகளை நீந்திப் புகழ் பெற்றான். தேசமே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் சுமார் நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

பேரையூர்க் கண்மாய்க்கும் கிணற்றுக்கும் நாற்காலிக் காவலர் வரப்போவதில்லை. அங்கே கரையில் நிற்பவர்தான் காவலர். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் ஜில்லா கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் ஆழத்தில் சிக்கினார்கள். அங்கிருந்த கிராமத்துப் பெண்கள் தாம் உடுத்தியிருந்த புடவைகளை அவிழ்த்து வீசி இருவரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களில் மூவருக்குச் சர்க்கார் கல்பனா சாவ்லா விருது அளித்தது.

இதை நம் இளைஞரிடம் சொன்னபோது, "அவர்கள் செய்தது பாடப் புத்தகத்தில் உள்ளது, ஐயா" என்றார். முதலில் கழியோ கிளையோ நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் கயிறோ துணியோ வீச வேண்டும். காலிக் குடமானாலும் வீசலாம். தண்ணீரில் இறங்குவது கடைசி வழி. மூழ்குகிறவன் பிடித்த பிடியை விடமாட்டான். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மாண்ட கதைகள் ஏராளம். கரைக்குக் கொண்டுவந்தவனைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடவே கூடாது. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று விடாமல் செய்துகொண்டிருக்க, இன்னொருவர் 108-க்குச் சொல்லவேண்டும்.

இதற்குள் அரை மணி ஆகிவிட்டது. இளைஞர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தார். நாற்காலியில் இருந்தவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "முப்பத்தெட்டு" என்றார். இவரும் ஒரு சுற்றுப் பார்த்து, "முப்பத்தெட்டு" என்றார். அதன் பிறகே அவர் இறங்க, இவர் ஏறினார். நாம் விடைபெற்றுக்கொண்டோம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முப்பத்தெட்டில் நம் வீட்டுத் தலைகள் இரண்டு.