தெரியுமா? மட்டம் போடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது!

மயிலாடி என்றதும் எல்லோர் காதிலும் உளிச் சத்தம்தான் கேட்கும். சாமி சிலை செய்யணுமா, நேரே மயிலாடிக்குப் போ என்பார்கள். ஆனால் தெற்குத் திருவிதாங்கூரின் முதல் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் முளைத்ததும் இந்த ஊரில்தான், தெரியுமா? மயிலாடிக்காரர் வேதமாணிக்கம் அழைத்ததால், லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806இல் இங்கே வந்து சேர்ந்தார். 1809இல் சர்ச்சும் வந்தது, பள்ளியும் வந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் பூர்வீகத்தைச் சொல்லும்போது இன்றும் தொடங்குவது அந்த மயிலாடிப் பள்ளியிலிருந்துதான்.

ஆக, இந்தப் பக்கத்தில் பள்ளி மணி அடிக்கத் தொடங்கி இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. மணி இருந்தால் மட்டம் போடுகிற பிள்ளையும் இருக்கத்தானே செய்யும்! அந்தப் பிள்ளை எந்த வகுப்பு, எந்தக் கிழமை, எந்த வீடு என்று தோண்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஆச்சரியம். வாருங்கள், ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

பழைய வருகைப் பதிவேட்டை எப்போதாவது கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? காலையில் பெயருக்கு நேரே ஒரு சாய்கோடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் குறுக்கே இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி, அன்றைக்கு முழுநாள் ஆஜர். வராதவனுக்குச் சிவப்பு மையில் ஒரு எழுத்து. காலைக் கோடு மட்டும் விழுந்து, குறுக்குக் கோடு விழாமல் நிற்கிற கட்டங்கள்தான் ரசமானவை: சாப்பிட்டுவிட்டுச் சுவரேறியவர்கள்! இப்போது எல்லாம் ஆசிரியரின் கைபேசிக்குள் போய்விட்டது. கல்வித் துறையின் 'எமிஸ்' தளத்தில் தினமும் ஏறுகிறது. கணக்கு துல்லியமாகிவிட்டது. அந்தச் சிவப்பு மையைத்தான் இனி பார்க்க முடியாது.

எத்தனை நாள் வராவிட்டால் ஆபத்து, தெரியுமா? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பத்தில் ஒரு நாள் என்று கோடு போட்டிருக்கிறார்கள். நம் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்புவரை 200 வேலைநாள், ஆறு முதல் எட்டுவரை 220 நாள் என்கிறது. அந்தக் கணக்கில் ஒரு பிள்ளைக்கு மாதம் இரண்டு நாள் விட்டாலே கோட்டைத் தொட்டாயிற்று. மாதம் இரண்டு நாள்! ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம். யாருக்கும் பெரிதாகவே படாது.

எந்த வகுப்பில் அதிகம் வராமல் இருக்கிறார்கள்? 'பெரிய பையன்கள்தான், மீசை முளைத்தவுடனே ஆரம்பித்துவிடுவான்கள்' என்று சட்டென்று சொல்லிவிடுவோம். பாதி சரி. பல நாடுகளின் கணக்கைப் படமாக வரைந்தால் மழலை வகுப்பில் உயரமாகத் தொடங்கி, மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்பில் பள்ளமாகி, ஒன்பதுக்கு மேல் மறுபடி மலையேறுகிறது. சின்னப் பிள்ளைக்குக் காரணம் சளி, காய்ச்சல், கொண்டுவிட ஆள் இல்லாதது. பெரிய பிள்ளைக்குக் காரணம் வேலை, சலிப்பு, தேர்வு பயம், வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய தம்பி தங்கை. நான்காம் வகுப்புப் பிள்ளைதான் உலகத்திலேயே ஒழுங்கான பிள்ளை! நாலாப்பு டீச்சர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

பணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இங்கிலாந்தின் 2022-23 கணக்கைப் பாருங்கள். அங்கே ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவச மதிய உணவு. அந்த உணவு பெறுகிற பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கும் மேல் பத்தில் ஒரு நாளாவது வராதவர்கள். மற்றப் பிள்ளைகளில் அது ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். அமெரிக்காவில் கோவிட்டுக்கு முன் சுமார் 15 விழுக்காடாக இருந்த கூட்டம் 2021-22இல் சுமார் 28 விழுக்காடாக வீங்கியது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பிள்ளைகள் திரும்பவில்லை! இந்தியாவில் 'ஏசர்' என்ற கல்வி ஆய்வுக் குழுவினர் 2024இல் கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு நேரில் போய்த் தலை எண்ணினார்கள். பெயர் பதிந்த நூறு பேரில் அன்றைக்கு வந்திருந்தவர்கள் 76 பேர்தான்.

சோற்றின் கதைதான் எனக்கு இதில் ஆகப் பெரிய ஆச்சரியம். மதிய உணவு காமராஜர் கொண்டுவந்தது என்றுதான் நமக்குத் தெரியும். அதற்கும் 36 வருஷம் முன்னால், 1920இல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தீர்மானித்தது, தெரியுமா? அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவு கூடாது என்பது நிபந்தனை. இன்னும் சில பள்ளிகளுக்கு அதை விரித்ததும் இரண்டே வருஷத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஓரணா செய்த வேலை! 1925இல் ஆரம்பக் கல்விப் பணத்தை இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடை போட்டது. பிறகு 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டம் 1,545 பள்ளிகள். மாநிலத் திட்டக் குழு 1,543 பள்ளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்ததில், 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. ரவா உப்புமாவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுளிக்கலாம்.

சோற்றுக்கு அடுத்தது துணி. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்திலும் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபீல்டிலும் சில பள்ளிகளுக்குள்ளே வாஷிங் மெஷின் வைத்தார்கள். வேர்ல்பூல் கம்பெனியின் ஏற்பாடு. 2015-16இல் 17 பள்ளிகள். ஏன்? அழுக்குச் சட்டையோடு வகுப்புக்குப் போக வெட்கப்பட்டே பிள்ளைகள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள் என்று ஆசிரியர்கள் சொன்னதால்! துணி துவைத்துக் கொடுத்ததும் வருகை கூடியது. விளம்பரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் நாஞ்சில் நாட்டுத் தாய்மாருக்கு இது சட்டென்று புரியும். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்குப் பெரிய மழை ஒன்றுதான். நமக்கு ஜூனில் தென்மேற்கும், அக்டோபரில் வடகிழக்கும் என்று இரண்டு. பள்ளி திறக்கிற மாதமே மழை மாதம். திண்ணையில் கொடி கட்டினாலும் யூனிஃபார்ம் காயாது. காலையில் பேன்ட்டின் இடுப்புப் பட்டியைத் தொட்டுப் பார்த்தால் ஈரம் கையில் ஒட்டும். அரசு வருஷத்துக்கு நாலு ஜோடி தருவதன் அருமை, ஒரே ஜோடியை அடுப்புச் சூட்டில் காயவைத்து அனுப்பியவர்களுக்குத்தான் தெரியும்.

புழுவும் பிள்ளையைப் பள்ளிக்கு விடாது, தெரியுமா? கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளை வைத்து மைக்கேல் கிரேமரும் எட்வர்ட் மிகேலும் 1998இல் ஆய்வு தொடங்கினார்கள். குடற்புழு மாத்திரை கொடுத்த பள்ளிகளில் வராமை நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்றார்கள். மாத்திரை தின்னாத பக்கத்துப் பிள்ளைக்கும் பலன் கிடைத்ததாம்! பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைக் கிண்டி, பிழைகளைக் கண்டுபிடித்து, 'புழுப் போர்' என்றே பெயர் விழும் அளவுக்குச் சண்டை நடந்தது. கிரேமருக்கு 2019இல் நோபல் கிடைத்தது. சண்டை எப்படியோ போகட்டும், பிப்ரவரியில் பள்ளியில் தருகிற அல்பெண்டசோல் மாத்திரையைத் துப்பாமல் சவைத்துத் தின்னச் சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு ஆச்சரியங்கள். மாதவிடாய் விடுப்பு நேற்று முளைத்த பேச்சு என்று நினைக்கிறோம். பழைய கொச்சி ராஜ்ஜியத்துத் திருப்பூணித்துறை பெண்கள் பள்ளியில் 1912இலேயே, வருடாந்திரத் தேர்வு நேரத்தில் மாதவிடாய் வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு பிறகு எழுதலாம் என்று அனுமதித்துவிட்டார்கள்! இரண்டாவது, நேபாளத்தில் எமிலி ஆஸ்டரும் ரெபேக்கா தோர்ன்டனும் செய்த ஆய்வு. மாதவிடாயால் அங்கே ஒரு மாணவி இழந்தது வருஷத்துக்கு அரைநாள்கூட இல்லை. அப்படியானால் பெரிய பெண்பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள்? தூரம்! பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது சுமார் 30 விழுக்காடு கூடியது. நம் மாநிலத்தில் அந்தச் சைக்கிள் 2001இலேயே ஓடத் தொடங்கிவிட்டது.

பிள்ளை மட்டுமா மட்டம் போடுகிறான்? 2003இல் இந்திய அரசுப் பள்ளிகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்ததில் நாலில் ஓர் ஆசிரியர் இல்லை. இதை எழுதினால் எந்த ஆசிரியருக்கும் கோபம் வரும் என்பதால் வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

அரசே பாதி நாள் மட்டம் போடச் சொன்ன கதை தெரியுமா? 1953இல் ராஜாஜியின் கல்வித் திட்டம்: கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி மூன்று மணி நேரம்தான், மிச்ச நேரம் வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று மாநிலமே கொதித்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. மயிலாடிப் பிள்ளைகள் இதில் தப்பித்தார்கள். அப்போது நாம் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள்! 1956 நவம்பர் 1இல்தானே தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தோம். தப்பிக்காமல் இருந்திருந்தால் கல்தச்சன் மகன் மதியமே உளியைப் பிடித்திருப்பான்.

இன்னொரு நாஞ்சில் விசேஷம், உள்ளூர் விடுமுறை. சுசீந்திரம் மார்கழித் தேர், கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் அவதார தினம், ஓணம். வேறெந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் பாக்கியம்! ஆனால் ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்களே, அன்றைக்கு எத்தனை தலை என்று எந்த ஹெச்.எம்.மிடமும் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்.

கடைசி ஆச்சரியம் கசப்பானது. 2023 மார்ச் 13. பிளஸ் டூ தமிழ்த் தேர்வு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுத வரவில்லை! தாய்மொழித் தேர்வுக்கே வரவில்லையே என்று ஊரெல்லாம் புலம்பியது. விஷயம் வேறு. 2021இல் கோவிட்டால் பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி. தேர்வே எழுதாமல் பதினொன்றுக்கு வந்து பெயர் பதிந்தவர்களில் ஏராளம் பேர் அதற்குள் கடைக்கும் கட்டட வேலைக்கும் மில்லுக்கும் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் அன்றைக்கு மட்டம் போடவில்லை. எப்போதோ போய்விட்டவர்களின் பெயர் பதிவேட்டில் மட்டும் தங்கியிருந்தது.

இதே பிளஸ் டூவில் இன்னொரு கூட்டமும் பள்ளிக்குப் போவதில்லை, தெரியுமா? 'டம்மி பள்ளி' என்பார்கள். பெயர் ஒரு பள்ளியில், பிள்ளை நீட், ஜே.இ.இ. கோச்சிங்கில். லட்சக்கணக்கில் கட்டணம், நூற்றுக்கு நூறு வருகைப் பதிவு! 2024 மார்ச்சில் சி.பி.எஸ்.இ. நாடு முழுக்க 20 பள்ளிகளின் அங்கீகாரத்தைப் பறித்தது. டம்மி மாணவர்களைச் சேர்த்ததும் அந்தப் பள்ளிகள்மேல் இருந்த புகார்களில் ஒன்று. எடுபிடி வேலைக்குப் போன பையனுக்கு 'இடைநிற்றல்' என்று பெயர், கோச்சிங்குக்குப் போன பையனுக்கு 'லட்சியம்' என்று பெயர். இரண்டு பெஞ்சும் காலிதான். ஒன்றை மட்டும் எண்ணுகிறோம் என்பதுதான் என் குறை.

உங்கள் தெருவில் ஒரு பிள்ளை பள்ளி நேரத்தில் வெளியே நின்றால், 'ஏன்லே போகலை?' என்று அதட்டுவதற்கு முன் சாப்பிட்டானா, சட்டை காய்ந்ததா, பஸ் வந்ததா என்று கேளுங்கள். வாரக்கணக்கில் போகாத பிள்ளை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் இலவச எண் 14417. ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.